குழுவா, முழு வகுப்பா? ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்பார்வைக்கு ஆள் வந்தால் குழுவேலை, சோதனை கிட்ட வந்தால் கரும்பலகை. திருகோணமலையில் பல வகுப்பறைகளில் முறையைத் தீர்மானிப்பது இதுதான். பாடம் கேட்பது எது என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது.

வேறு வேறு பகுதி எண்ணுள்ள பின்னங்களைக் கூட்டும் முறையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று குழுவில் விட்டால் முழுப் பாடவேளையும் போய்விடும். பிழையான வழியும் நாலு கொப்பியில் ஏறிவிடும். புதிய செய்முறையை முழு வகுப்புக்கும் ஆசிரியரே படிப்படியாகச் செய்து காட்ட வேண்டும். ஆனால் கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஏன் ஒரே அளவாக இல்லை என்ற கேள்வி குழுவுக்கு உரியது. ஒரு பிள்ளை ஆழம் என்பாள், இன்னொருவன் மேல்நீர் கலப்பு என்பான். அந்த வாக்குவாதத்தில்தான் படிப்பு இருக்கிறது.

அடுத்தது, மேசைகளைச் சேர்த்துப் போட்டால் குழுவேலை ஆகிவிடும் என்ற நம்பிக்கை. ஏழு பேருக்கு ஒரு தாள் கொடுத்தால் இரண்டு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கயிறிழுப்பில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைவதை 1913-இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ரிங்கல்மன் எழுதிவைத்தார். நாலு பேர் போதும். நாலு பேருக்கும் வேறு வேறு பங்கு வேண்டும். கொட்டியாரக்குடா பற்றிய பாடமா? ஒருவருக்கு மகாவலி கடலில் சேரும் கதை, ஒருவருக்குத் துறைமுகத்தின் ஆழம், ஒருவருக்கு மீன்பிடி, ஒருவருக்கு மூதூர்க் கரை. மற்றவர் சொல்லாமல் எவராலும் விடையை முடிக்க முடியாது. 1971-இல் உளவியலாளர் எலியட் அரன்சன் அமெரிக்காவின் ஒஸ்டினில் இந்த வழியை உருவாக்கியது, பல இனப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாக அமர்ந்து பகைத்துக்கொண்ட வகுப்புகளுக்காக. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினமும் அருகருகே வாழும் எங்கள் மாவட்டத்துக்கு இது மிகவும் தேவையானது என்றே நான் நம்புகிறேன்.

கெட்டிக்காரர் ஒரு குழு, பின்தங்கியவர் ஒரு குழு என்று வருடம் முழுக்க வைத்திருக்காதீர்கள். தங்கள் குழு எது என்று பிள்ளைகளுக்கு முதல் கிழமையே தெரிந்துவிடும்.

முழு வகுப்புக் கற்பித்தலில் நடக்கும் தவறு அவசரம். கேள்வி கேட்டதும் முன்வாங்கில் கை உயரும், நாமும் அங்கேயே விடை வாங்கிவிடுகிறோம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். 3 வினாடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நாளைக்கு ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணி, கடைசி வாங்கைப் பாருங்கள்.