சிகாகோவில் ஒரு பழைய கட்டடத்தின் வயதைக் கண்டறியும் வழி

சிகாகோவில் ஒரு கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்று தேடப் புறப்படுபவர்களை முதலில் வழிதவற வைப்பது கதவு எண்தான். 1909 செப்டம்பர் 1 அன்று நகரின் வீடுகளுக்குப் புதிய எண்கள் வந்தன. லூப் எனப்படும் நடுநகரத்துக்கு மட்டும் 1911 ஏப்ரலில் வந்தன. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து மைலுக்கு 800 எண்கள். தெற்கே முதல் மூன்று மைல் மட்டும் விலக்கு: முதல் மைலில் ரூஸ்வெல்ட் சாலை 1200, இரண்டாவதில் செர்மாக் சாலை 2200, மூன்றாவதில் 31ஆம் தெரு 3100. எனவே 1890ஆம் ஆண்டு ஆவணத்தில் இன்றைய எண்ணைத் தேடினால் வேறு யாருடைய வீட்டு வரலாறோதான் கையில் சிக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் அட்டவணை 1909இல் அச்சானது. அதன் ஸ்கேன் பிரதி இணையத்தில் உண்டு. தெருப் பெயர்களும் பல மாறியிருக்கின்றன. அவற்றையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சிகாகோ அடங்கிய மாவட்டமான குக் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டாளரின் தளத்தில் முகவரியைக் கொடுத்து 14 இலக்கச் சொத்து எண்ணை எடுங்கள். அங்கே காட்டும் கட்டட வயது பெரும்பாலும் தோராயம். அதை விடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தேவை மனை எண், பிளாக், மனைப்பிரிவின் பெயர் ஆகிய மூன்றும்தான். கதவு எண் மாறினாலும் இவை எளிதில் மாறுவதில்லை. இவற்றைக் கொண்டு கவுன்டி கிளார்க் அலுவலகத்தின் நிலப்பதிவேட்டில் அந்த மனையின் பத்திரங்களையும் அடமானங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். வெறும் மனைமேல் திடீரென்று பெரிய அடமானம் விழுந்திருந்தால் அதை ஒட்டிக் கட்டுமானம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். 1871 அக்டோபர் தீவிபத்தில் நீதிமன்றக் கட்டடத்தோடு அதற்கு முந்தைய நிலப்பதிவுகளும் எரிந்துபோயின.

கட்டட பெர்மிட்தான் உறுதியான சான்று. 1872 முதலான பெர்மிட் பதிவேடுகள் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. உரிமையாளர் பெயர், மாடிகள், நீள அகலம், செலவு ஆகியவை கிடைக்கலாம். ஆனால் பெர்மிட் தேதி அனுமதி கொடுத்த நாள். வீடு முடிந்த நாள் அல்ல. பெர்மிட்டே அகப்படவில்லை என்றால், அந்த இடம் எப்போது நகரத்தில் சேர்ந்தது என்று பாருங்கள். லேக் வியூ, ஹைட் பார்க், ஜெஃபர்சன், லேக் ஆகியவை 1889இல்தான் இணைந்தன. அதற்கு முன் அங்கே எழுந்த வீட்டுக்கு நகரப் பதிவேட்டில் இடமில்லை.

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த சேன்போர்ன் வரைபடங்களில் இளஞ்சிவப்பு நிறம் செங்கல்லையும், மஞ்சள் மரத்தையும், நீலம் கல்லையும் குறிக்கும். தலைப்பிலுள்ள ஆண்டை அப்படியே நம்பிவிட வேண்டாம். பின்னால் வந்த மாற்றங்களைத் துண்டுத் தாளாக மேலே ஒட்டியிருப்பார்கள்; அதனால் பழைய தொகுதி ஒன்று பல ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலையைக் காட்டக்கூடும்.

காகிதம் முடிந்ததும் சுவரிடம் போங்கள். முகப்பைவிட்டுப் பக்கச் சுவரைப் பாருங்கள். முகப்பில் இந்தியானா சுண்ணாம்புக்கல்லோ வழவழப்பான செங்கல்லோ இருக்கும். பக்கத்திலும் பின்புறத்திலும் மலிவான உள்ளூர்ச் செங்கல். இது இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கலந்து, சொரசொரப்பாக, சிறு கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை செங்கல்லின் குறுகிய தலைப்பக்கம் வெளியே தெரிந்தால், அது பல அடுக்காகக் கட்டிப் பிணைத்த கனமான சுவர். எல்லா வரிசையும் நீளவாக்கிலேயே போனால், பின்னாளில் போர்த்திய ஒற்றை மேலடுக்குச் செங்கல்லா என்று சந்தேகப்படுங்கள். செங்கல்களுக்கு இடையிலுள்ள பழைய காரை சுண்ணாம்பு; ஆணியால் லேசாகச் சுரண்டினால் பொடியாக உதிரும் (உரிமையாளர் அனுமதியோடு மட்டும்). கடினமான சாம்பல்நிறக் காரை என்றால் சிமென்டால் மறுபூச்சு நடந்திருக்கிறது. அதை வைத்து வயது சொல்ல முடியாது. அதோடு சுவருக்கும் அது கேடு: உள்ளே புகுந்த ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் மென்மையான செங்கல்லிலேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து முகத்தைப் பெயர்த்தெடுத்துவிடும்.

1871 தீ விழுங்கிய பகுதியில் "1868இல் கட்டியது" என்று சொல்லப்பட்டால் வலுவான ஆதாரம் கேளுங்கள். 1869இன் தண்ணீர்க் கோபுரம் போலத் தப்பியவை மிகச் சில. வாசல் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், நகரம் தெருவின் மட்டத்தை உயர்த்துவதற்கு முன்பே வீடு இருந்திருக்கலாம். நகரின் பில்சன் பகுதியில் இப்படிப் பல வீடுகள். இங்கே பங்களா எனப்படும் ஒன்றரை மாடிச் சிறிய செங்கல் வீடு என்றால் 1910க்கும் 1940க்கும் இடையே தேடினால் போதும்.

கண்ணைப் பழக்க, ஜாக்சன் தெருவிலிருந்து டியர்பார்ன் தெரு வழியே தெற்கே நடந்து மொனாட்நாக் கட்டடத்தைப் பாருங்கள். வடபாதி 1891: பதினாறு மாடிச் சுமையைத் தாங்கும் செங்கல் சுவர், அடியில் ஏறத்தாழ 6 அடி தடிமன். தென்பாதி 1893: எஃகுச் சட்டகம். இரண்டே ஆண்டில் கட்டும் முறையே மாறிவிட்டது! ஒரே கட்டடத்துக்கு இரண்டு தேதி இருக்கலாம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் வேறில்லை.

கடைசியில் ஒற்றை ஆண்டைப் பிடிவாதமாக எழுத வேண்டாம். "1892 பெர்மிட், 1894 வரைபடத்தில் உள்ளது" என்று ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதோடு குறியுங்கள். நகரத்தின் வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பில் உங்கள் கட்டடம் முக்கியமானவற்றுக்குத் தரும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தகைய கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வந்தால் 90 நாள்வரை நிறுத்திவைக்க விதி உண்டு; நீங்கள் திரட்டிய சான்றுகளை நகர அலுவலர்களிடம் கொடுக்க அதுதான் நேரம்.