மன்னித்துவிடு என்று சொல்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் உள்ள நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் போதனை ஆலய வாசலைத் தாண்டி வீட்டுக்கும் கடைக்கும் வேலையிடத்துக்கும் வரும்போது பல இடங்களில் திரிந்துபோகிறது. பெரும்பாலான திரிபுகளுக்கு வேர் ஒன்றே என்பது என் கருத்து: தேவன் மன்னிக்கிறார் என்ற நற்செய்தியை, மனிதருக்கு இழைத்த தீங்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கான அனுமதியாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எதைப் பாவம் என்று எண்ணுகிறோம் என்பதிலேயே இந்தத் தவறு தொடங்குகிறது. குடியை விட்டேன், சூதாட்டத்தை விட்டேன், புகையை விட்டேன் என்ற சாட்சிகளை அடிக்கடி கேட்கிறோம். அவை உண்மையான விடுதலைகள், அவற்றைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் வேலைக்காரருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்தேன், தங்கையின் பங்கை எடுத்துக்கொண்டேன் என்று எவரும் எழுந்து சொல்வதை அரிதாகத்தான் கேட்கிறோம். சீரகத்தில்கூட தசமபாகம் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதி மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது பரிசேயருக்கு மட்டும் சொல்லப்பட்டது என்று படித்துக் கடந்துபோவது நமக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. தேவனிடம் அறிக்கை செய்துவிட்டால் போதும், பாதிக்கப்பட்டவரிடம் போகவேண்டியதில்லை என்ற நினைப்பு அது. டர்பனில் இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் பல குடும்பங்களுக்குத் தெரிந்த ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் பழைய இடங்களிலிருந்து அகற்றப்பட்ட பெற்றோருக்கு நகராட்சி கொடுத்த சிறிய வீடு. தாய் இறந்தபின் மூத்த மகன் அதன் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். தாயைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறூட்டிய தங்கை வாடகை வீட்டுக்குப் போகிறார். சில ஆண்டுகளுக்குப் பின் அண்ணன் வீட்டுக் கூட்டத்தில் எழுந்து, கர்த்தர் என் கடந்தகாலம் முழுவதையும் மன்னித்தார் என்று கண்ணீரோடு சாட்சி சொல்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கை, எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறார்.

இப்படிப்பட்ட இடத்தில் 51ஆம் சங்கீதம் துணைக்கு அழைக்கப்படுகிறது: தேவனுக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று தாவீது சொல்லவில்லையா என்று கேட்பார்கள். தாவீது அதைச் சொன்னபோது, அவர் யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டாரோ அந்த உரியா உயிரோடு இல்லை. அவரைக் கொல்லச் சொன்னவரே தாவீதுதான். உயிரோடிருக்கும் தங்கையைத் தவிர்ப்பதற்கு அந்த வசனம் இடங்கொடுக்கவில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் மிகத் தெளிவாகவே பேசுகிறது: குற்றம் செய்தவர் அதை அறிக்கையிட்டு, எடுத்த முதலை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதைத் தான் யாருக்குத் தீங்கு செய்தாரோ அவரிடமே கொடுக்கவேண்டும். வரி வசூலிப்பவரான சகேயு இந்த அளவையும் தாண்டி நாலத்தனையாகக் கொடுப்பதாகச் சொன்ன பிறகே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தார். கிருபை இலவசம் என்பதில் மாற்றமில்லை. இலவசமாகக் கிருபை பெற்றவர் பிறருடைய வீட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று எந்த அப்போஸ்தலரும் எழுதவில்லை.

நான் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் இங்கேயே சேர்க்கவேண்டும். செய்த காரியத்துக்குப் பெயர் சொல்லாத அறிக்கை, கேட்பவரிடமே அந்தச் சுமையைத் திருப்பி வைக்கிறது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்கில் இந்நாட்டுத் திருச்சபைகள் கூடியபோது, வெள்ளையர் சபையான டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பேராசிரியர் வில்லி யாங்கர், அரசியலிலும் சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தில் தனக்கும் தன் சபைக்கும் உள்ள பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றுக்கொண்டார். மற்றவர்களுக்காக மன்னிப்பை ஏற்க டூட்டுவுக்கு உரிமை உண்டா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனெனில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் மன்னித்துவிடுவது நம் குடும்பங்களிலும் சபைகளிலும் அன்றாடம் நடக்கிறது.

பாதிக்கப்பட்டவரை மன்னிக்கும்படி நெருக்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்தின் நினைவு இந்த நாட்டில் இதற்குத் தவறான துணையாகப் பயன்படுகிறது. கறுப்பர்களே மன்னித்துவிட்டார்கள், உன்னால் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்த ஆணையம் வழங்கியது சட்டப்பூர்வமான பொதுமன்னிப்பு; அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியவர் வழக்கிலிருந்து விடுபடலாம் என்பதே அதன் விதி. வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்றுகூட சட்டம் கேட்கவில்லை. மன்னிக்கும்படி எந்த விதவையையும் அது கட்டாயப்படுத்தவும் இல்லை. நிறவெறியை எதிர்த்துப் போராடி 1985இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட கிராடக் நால்வரில் ஒருவரின் மனைவியான நொமோண்டே கலாட்டா, 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டனில் நடந்த முதல் விசாரணையில் எழுப்பிய அலறலை இந்த நாடு கேட்டது. கொலையில் தொடர்புடைய காவலர்களின் பொதுமன்னிப்பு விண்ணப்பங்கள் 1999இல் மறுக்கப்பட்டன. அதன் பின்னும் அவர்கள் மேல் வழக்கு நடத்தப்படவில்லை. உண்மை முழுவதும் தெரியவேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்ததைக் கசப்பு என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவருக்கும் உரிமையில்லை.

வேதத்தில் வரிசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏழெழுபது தரம் மன்னிக்கவேண்டும் என்ற சொல் வருவதற்குச் சற்று முன்னால், அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய் அதை அவனுக்கு உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் செவிகொடுக்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்ற ஒழுங்கு சொல்லப்பட்டிருக்கிறது. தொடர்ந்து வரும் இரக்கமற்ற ஊழியக்காரன் உவமையிலும் நாம் எளிதில் கவனிக்காத ஒன்று உண்டு. நூறு வெள்ளிப்பணம் என்பது அற்பக் கடன் அன்று. ஒரு பணம் ஒரு நாள் கூலி என்பதால், அது ஒரு தொழிலாளியின் நூறு நாள் உழைப்பு. அந்தக் கடனாளியும் கடனே இல்லை என்று மறுக்கவில்லை. பொறுத்துக்கொள்ளும், கொடுத்துத் தீர்க்கிறேன் என்றுதான் கெஞ்சினான். மன்னிப்புக்கு முன்னால் கடன் எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இதை மறந்துபோவதால் ஏற்படும் விபரீதம் வீட்டு வன்முறையில்தான் மிகக் கொடிதாக இருக்கிறது. கணவனிடம் அடிபட்டு வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம், ஜெபம் பண்ணும்மா, மன்னித்து வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பும் போதகரோ பெரியவரோ, அவள் உயிரைப் பணயம் வைக்கிறார். அவள் மனதில் மன்னிக்கலாம், அதற்குக் காலமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மன்னிப்பதால் அவள் அதே கூரையின் கீழ் திரும்பவேண்டிய கட்டாயம் வராது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு, கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். சபை செய்யவேண்டிய உதவி, அவளோடு அங்கே போய் வரிசையில் நிற்பதும், அன்று இரவு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தங்க இடம் பார்ப்பதும்தான்.

பிறனிடத்தில் அன்புகூருவாயாக என்ற கட்டளையை வெறும் உணர்ச்சியாக்கிவிடுவதும் ஒரு தவறு. அந்தக் கட்டளை முதலில் வரும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், கூலியாளின் வேலைக்கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்ற வரியும், உன் சகோதரனைப் பகைக்காமல் கடிந்துகொள் என்ற வரியும், உன்னோடு வாசம்பண்ணும் அந்நியனையும் உன்னைப்போல நேசி என்ற வரியும் அருகருகே நிற்பதைக் காணலாம். கூலியைப் பற்றிய வரி நமக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்திறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளுக்கு முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். அதைக்கூட ஒழுங்காகப் பெறாதவர்கள் 1871இல் சென்னைக்குத் திரும்பியபோது முறையிட்டதால்தான் 1872இல் டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் காலனியில் விசாரணைக் குழு அமைந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நம் வீடுகளில் துணி துவைத்து இஸ்திரி போடும் சுலு அம்மாவுக்கு என்ன கொடுக்கிறோம்? 2022 மார்ச் முதல் வீட்டுப் பணியாளருக்கும் மற்றத் தொழிலாளருக்குரிய அதே குறைந்தபட்சக் கூலி சட்டப்படி உண்டு. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையின்மைக் காப்பீட்டிலும் அவரைப் பதிவு செய்யவேண்டும். பழைய சேலையும் மீந்த பிரியாணியும் கொடுத்துவிட்டு, அவளை எங்கள் வீட்டுப் பெண் மாதிரி வைத்திருக்கிறோம் என்று சொல்வது அன்பாகாது. வெள்ளைக்காரர்கள் நம் தாத்தாக்களை எல்லாம் சாமி என்றும் பாட்டிகளை மேரி என்றும் கூப்பிட்ட நாட்டில், அந்தச் சுலு அம்மாவின் சொந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வதும் இந்தக் கட்டளைக்குள் அடங்கும்.

பழைய காயத்தை வைத்துப் புதிய கொடுமையை நியாயப்படுத்துவதையும் சொல்லியாகவேண்டும். 1949 ஜனவரியில் டர்பனில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். நம்மவரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த அச்சம் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டிருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். முதல் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது பாவ அறிக்கையாகாது. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறுப்பதும் உண்மையாகாது. ஃபீனிக்ஸுக்கு அருகே கறுப்பர்கள் வாழும் இனாண்டாவிலும் பம்பாயியிலும் உள்ள சபைகளோடு ஒப்புரவுக் கூட்டம் நடத்த விரும்பும் போதகர்கள், அன்றைக்கே கைகோத்துப் பாட்டுப் பாடி முடிக்கும் திட்டத்தோடு போகவேண்டாம். பிள்ளையை இழந்த தாய் பேச விரும்பினால் கடைசிவரை குறுக்கிடாமல் கேளுங்கள், மன்னித்தீர்களா என்று அவரிடம் கேட்காதீர்கள். வழக்குகளில் சாட்சி சொல்லத் தெரிந்தவர் நம் சபையில் இருந்தால், அவர் முன்வருவதற்குத் துணை நில்லுங்கள்.