ரோடு பைக் வாங்கியாச்சு, மழையும் வந்தாச்சு, இனி எப்படி ஓட்டுறது

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் சென்னையில நிறைய பேரு புது ரோடு பைக்கை, அதாவது தார் ரோட்டுல வேகமாப் போற ஒல்லி டயர் சைக்கிளை, சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு பொங்கலுக்குத் தான் திரும்பத் தொடுறாங்க, மெலிசு டயரு, மழையில வழுக்கும்னு பயம். நானும் ரெண்டு இன்ச் டயர் போட்ட எம்டிபியை (மலைப்பாதைக்குன்னு செஞ்ச தடி டயர் சைக்கிள்) வருஷக்கணக்கா ஓட்டிட்டு 25 மிமீ டயருக்கு மாறுனவன் தான், மாறுன வருஷம் முதல் மழையிலயே வேளச்சேரி பக்கம் ஒரு ஜீப்ரா கிராசிங் மேல விழுந்து முழங்கால் நல்லா சிராய்ச்சுடுச்சு. அப்ப டயர் மேல தான் கோவம் வந்துச்சு. அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பாத்தா, லெஃப்ட்ல திரும்பிக்கிட்டே பிரேக் புடிச்சிருக்கேன், அதுவும் ஈரமான பெயிண்ட் மேல. எம்டிபில இதை தினமும் தான் பண்ணிட்டு இருந்தேன், ஒண்ணும் ஆகல, ஏன்னா அதுல போறது 16, 18 கிமீ வேகம், இதுல கால் வலிக்காமலே 28 வந்துடுது. அதனால மழையில ரோடு பைக்குக்கு நான் சொல்ற ஒரே ரூல்: ஒரு நேரத்துல ஒரு வேலை. பிரேக்னா பிரேக் மட்டும், திரும்புறதுன்னா திரும்புறது மட்டும்.

முதல்ல டயர் பயத்தைத் தீத்துடலாம். "பட்டனே இல்லையே, வழவழன்னு இருக்கே"ன்னு எல்லாரும் கேப்பாங்க. கார் டயர் அகலம், காத்து கம்மி, அதனால வேகமாப் போகும்போது அடியில தண்ணி தங்கி டயரையே தூக்கிடும், அதுக்குத் தான் பட்டன் வேணும். சைக்கிள் டயர் ஒல்லி, உருண்டை, காத்தும் அதிகம், தண்ணியை ரெண்டு பக்கமும் வெட்டித் தள்ளிட்டுப் போயிடும். காத்தழுத்தத்தை வச்சுப் போடுற கணக்குப்படி 80 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) இருக்குற டயரைத் தண்ணி தூக்கணும்னா சுமார் 150 கிமீ வேகம் வேணும். நாம அங்க போகவே போறதில்ல. பட்டன் இல்லாத ஸ்லிக் டயரே போதும், பட்டன் டயர் தேடி காசு செலவு பண்ணாதீங்க. ஆனா ரப்பர் பழசாகி கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தா கண்டிப்பா மாத்துங்க.

காத்து விஷயம் மட்டும் கொஞ்சம் கவனிக்கணும். 70 கிலோ ஆளு 25 மிமீ டயருக்கு வெயில்ல 90 பிஎஸ்ஐ அடிப்பீங்கன்னா மழையில 80, 85 போதும், டயர் ரோட்டோட கொஞ்சம் கூடுதலா ஒட்டும். ரொம்பவும் இறக்கிடாதீங்க, நம்ம ஊரு பள்ளத்துல ஒரு இடி விழுந்தா ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல மாட்டி பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை விழுந்துடும். ஃபிரேம்ல இடம் இருந்தா 28 மிமீ டயர் போட்டுக்கோங்க, மழைக்கு நான் அதைத் தான் சொல்லுவேன். இன்னொன்னு, ரோடு பைக்ல வர்ற ஒல்லி வால்வுக்குத் தெருமுனை பஞ்சர் கடைல காத்து பிடிக்க முடியாது, சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு கிடைக்கும், வாங்கி பையில போட்டு வைங்க.

பிரேக்குக்கு வருவோம். ரிம் பிரேக்னா, அதாவது கட்டை வந்து வீல் ரிம்மையே கவ்வுற பிரேக்னா, ரிம் மேல தண்ணி இருக்குறதால முதல் ஒண்ணு ரெண்டு சுத்துக்கு ஒண்ணுமே பிடிக்காது, பிடிக்கலையேன்னு இன்னும் அழுத்துவோம், அதுக்குள்ள தண்ணி வழிச்சுப் போயிருக்கும், சட்டுனு கவ்வும், வீல் லாக் ஆகும், வழுக்கும். அதனால சிக்னல் தூரத்துல தெரியும்போதே லீவரை லேசா தொட்டு ரிம்மைத் துடைச்சுக்கோங்க, அப்புறம் நிதானமா ரெண்டு பிரேக்கையும் சேத்து அழுத்துங்க. எந்த லீவர் முன் பிரேக்னு வீட்லயே பாத்து வச்சுக்கோங்க, பைக்குக்கு பைக் மாறும். டிஸ்க் பிரேக்ல இந்த தாமதம் ரொம்ப கம்மி, ஆனா ரோட்டைப் பிடிக்கிறது டயர் தான், அது அதே 25 மிமீ தான், அதனால டிஸ்க் இருக்குன்ற தைரியத்துல முன்னாடி போற ஆட்டோவை ஒட்டிப் போகாதீங்க.

வழுக்குற இடங்களைக் கண்ணு தானா தேடணும், அந்தப் பழக்கம் தான் இதுல பெருசு. ரோட்டுல போட்ட வெள்ளை, மஞ்சள் கோடு, ஸ்பீட் பிரேக்கர் மேல பெயிண்ட், மேன்ஹோல் மூடி, ஃப்ளைஓவர்ல வர்ற இரும்பு ஜாயின்ட், பாசி பிடிச்ச பிளாட்பார டைல்ஸ். இதெல்லாம் மேல போறப்ப பிரேக் வேண்டாம், ஹேண்டில் திருப்ப வேண்டாம், நேரா உருண்டு தாண்டுங்க. பஸ் ஸ்டாப் பக்கமும் சிக்னல் கிட்டயும் டீசல், ஆயில் சொட்டி இருக்கும், ரொம்ப நாள் கழிச்சு பெய்யற மழைல முதல் அரை மணி நேரம் தூசியும் ஆயிலும் குழைஞ்சு சோப்பு மாதிரி ஆயிடும், நல்லா கொட்டி கழுவிட்டுப் போனதுக்கு அப்புறம் ரோடு பரவால்ல. எம்டிபில கவலையே படாத ரெண்டு விஷயம் இதுல ஆபத்து: ரயில்வே கேட் தண்டவாளம், மழைத்தண்ணி போற இரும்பு ஜாலி. கம்பிகள் நாம போற திசைக்கு நெட்டுக்கா இருந்தா 25 மிமீ டயர் உள்ள இறங்கி மாட்டிக்கும், தண்டவாளத்தை எப்பவும் குறுக்கா நேரா கடக்கணும், சாய்வா கேட் வந்தா வெக்கப்படாம இறங்கித் தள்ளிட்டுப் போங்க. தேங்கின தண்ணில அடி தெரியலன்னா இறங்கவே வேண்டாம், உள்ள மூடி தொறந்த குழி இருக்கலாம், பக்கத்துல ஈபி பெட்டி இருந்தா அந்தத் தெருவே வேண்டாம், வேற வழி பாருங்க.

திரும்புறப்ப, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு முடிச்சுடுங்க, வெளிப்பக்க பெடலை கீழ வச்சு அது மேல எடையைப் போடுங்க, முழங்கையைத் தளர விடுங்க, பைக்கை அதிகம் சாய்க்காதீங்க.

பான்ச்சோ மாதிரி தொங்குற ரெயின்கோட் போடாதீங்க, வீல்ல மாட்டும். பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியட்டும். வீட்டுக்கு வந்ததும் டயரைக் கையால சுத்திப் பாருங்க, ஈரத்துல கண்ணாடிச் சில்லு சுலபமா ரப்பர்ல ஏறும், அப்பவே எடுத்துட்டா நாளைக்குப் பஞ்சர் இல்ல. பிரேக் கட்டைல மாட்டின மண்ணையும் தட்டி விடுங்க, ரிம்மை அது தான் தேய்க்கும். செயினைத் துடைச்சு ஆயில் விட மறந்தா மறுநாள் காலைலயே துரு பூத்திருக்கும்.

டிராஃபிக்ல இறங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, மழை விட்டதும், காலித் தெருவுல ஒரு ஈபி கம்பத்தைக் குறி வச்சுக்கோங்க. 15 கிமீ வேகத்துல வந்து அங்க பிரேக் புடிச்சு எவ்ளோ தூரத்துல நிக்குதுன்னு பாருங்க, அப்புறம் 20, அப்புறம் 25. ஒவ்வொண்ணையும் பத்து தடவை பண்ணுங்க, 25ல வந்து நிக்கிற தூரம் உங்க கைக்கே தெரிஞ்சதுக்கு அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போங்க.