தையல் அறையை உடம்புக்குக் கேடில்லாமல் அமைத்துக்கொள்வது எப்படி

வன்னியில் தையல் தொழில் பெரும்பாலும் அதற்கென்று கட்டிய கட்டடத்தில் நடப்பதில்லை. வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தையைத் தகரத்தால் அடைத்து எடுத்த அறையிலோ, சந்தியில் வாடகைக்கு எடுத்த ஒற்றைக் கடையறையிலோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையிலோ இரண்டு மூன்று மெஷின்களைப் போட்டு வேலை தொடங்கிவிடுகிறது. மெஷினுக்குக் கடன் எடுப்பவர்கள் கதிரைக்கும் வயருக்கும் வெளிச்சத்துக்கும் காசு ஒதுக்குவதில்லை. விபத்து என்றால் ஊசி விரலில் ஏறுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கைதேர்ந்த தையலாளர் ஒருவரைத் தொழிலை விட்டே எழுப்பிவிடுவது பெரும்பாலும் கழுத்து வலி, தோள் வலி, இடுப்பு வலி, கண் மங்கல் ஆகியவைதான். ஆகவே ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கதிரையைப் பற்றிப் பேச வேண்டும்.

கதிரையும் மேசையும்

கைப்பிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரை தையலுக்கு உதவாது. அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் சாய்ந்திருந்து கதைப்பதற்கு நல்லது. தைப்பவரோ முன்னே குனிய வேண்டியிருப்பதால் நாள் முழுவதும் அந்தச் சரிவை எதிர்த்தே முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கைப்பிடிகள் முழங்கையில் இடிக்கின்றன. கைப்பிடி இல்லாத, முதுகுச் சாய்வு உள்ள மரக் கதிரை ஒன்றை எடுத்து, அதன் பின்கால்களுக்கு அடியில் இரண்டு செ.மீ. தடிப்புள்ள கட்டையை ஆணியடித்து இறுக்கிவிட்டால் இருக்கை சற்று முன்சரிவாகிவிடும். வெட்டிக் கழித்த துண்டுத்துணிகளை இறுக்கமாக அடைத்து மெத்தை தைத்துப் போட்டுக்கொள்ளலாம். தளர்வாக அடைத்தால் ஒரு மாதத்தில் நடுவில் குழி விழுந்து, வெறும் பலகையை விட மோசமாகிவிடும்.

அடுத்தது மேசையின் உயரம். நிமிர்ந்திருந்து தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கும்போது, மேசைப் பரப்பு முழங்கையை விட ஏறக்குறைய ஐந்து செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் தையலைப் பார்ப்பதற்குக் கழுத்துத் தானாகவே கீழே இறங்கும். மேசையை உயர்த்தக் கல் அடுக்கக் கூடாது. மெஷினின் அதிர்வில் கால் மெல்ல மெல்ல நகர்ந்து ஒருநாள் வழுக்கும். மரக்கட்டையில் கால் அமரும் அளவுக்குக் குழி குடைந்து வைப்பதே சரி. மேசையின் மறுபக்கத்தைச் சற்று உயர்த்தி, பரப்பு தைப்பவரை நோக்கிச் சரியுமாறு அமைத்தால் கழுத்துக்கு இன்னும் நிம்மதி கிடைக்கும். ஏறத்தாழப் பத்துப் பாகைச் சரிவு போதும். கத்தரிக்கோல் மடியில் விழாதிருக்க மேசை விளிம்பில் மெல்லிய சட்டம் ஒன்றை அடித்துவிட வேண்டும். அடியில் எண்ணெய்த் தட்டு உள்ள ஜூக்கி வகைத் தொழிற்சாலை மெஷின்களை மெக்கானிக்கிடம் கேட்காமல் சரிக்கக் கூடாது; காலால் மிதிக்கும் பழைய மெஷினைச் சரிக்கவே கூடாது.

உட்காரும்போது உடம்பின் நடுப்பகுதி மெஷினின் நடுவுக்கு அல்ல, ஊசிக்கு நேரே வர வேண்டும். மிதியும் அதற்கேற்ப நகர வேண்டும். ஊசி மெஷினின் இடப்பக்கத்தில் இருப்பதால், மெஷினின் நடுவில் உட்காருபவர் நாள் முழுவதும் இடுப்பை முறுக்கியபடியே இருக்கிறார். மாலையில் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிப்பதற்குக் காரணம் பல இடங்களில் இதுதான்.

போரில் காலை இழந்து செயற்கைக் கால் அணிந்திருப்போர் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் செயற்கைப் பாதம் உணராது. ஆகவே மிதியை மற்றக் காலின் பக்கம் நகர்த்தி, வேகத்தைக் குறைத்து நிறுத்தி வைக்கக்கூடிய சேர்வோ மோட்டரைப் பூட்டிக் கொடுப்பது அவசியம். பயிற்சி நிலையங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெஷினைக் கொடுத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

துணியைப் பாயில் விரித்துக் குந்தியிருந்து வெட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நின்றுகொண்டு வெட்டுவதற்கு இடுப்பளவு உயரமான, அதாவது 90 செ.மீ. அளவிலான, மேசை வேண்டும். இடமில்லாத அறையில் ஒட்டுப்பலகை ஒன்றைச் சுவரில் கீல் போட்டு மடக்கி வைத்துக்கொள்ளலாம். மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பதை வேலை கெடுவதாகக் கருதக் கூடாது. தைப்பதும் வெட்டுவதும் ஸ்திரிக்கை போடுவதும் மாறி மாறி வருமாறு நாளை அமைத்துக்கொண்டால் அந்த ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

வெளிச்சமும் வெக்கையும்

தையல் நடக்கும் இடத்துக்கு 750 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் கொள்ளப்படும் அளவுகோல். கூரையில் தொங்கும் ஒற்றை மின்குமிழ் அதற்குக் கிட்டவும் வராது. கழுத்து வளையும் சிறிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை ஊசிக்கு அருகே பொருத்துவதே மலிவான தீர்வு. கறுப்பு, கருநீலத் துணிகளைக் கூடியவரை பகலில் தைக்க வேண்டும். வடக்குப் பார்த்த யன்னலோரத்தில் மெஷினைப் போட்டால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் கண்ணில் அடிக்காமல் வெளிச்சம் மட்டும் வரும். பழைய குழல் விளக்கின் கீழே, வேகமாகச் சுற்றும் சில்லு நின்றுவிட்டதுபோலத் தோன்றக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை முதல் ஆவணி வரை தகரக் கூரையின் கீழிருந்து தைப்பவர்களுக்கு வெக்கையைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. தகரத்துக்கு மேல் கிடுகு பரப்புவது வெக்கையைக் குறைக்கும். ஆனால் ஸ்திரிக்கைக்குக் கரி மூட்டும் இடம் அதற்கு அருகில் இருக்கக் கூடாது. தகரத்துக்குக் கீழே பழைய சேலையை விதானம் போலக் கட்டும் பழக்கம் ஆபத்தானது, ஏனெனில் மின்குமிழ் சூடேறிப் பற்றினால் தீ ஒரே மூச்சில் கூரை முழுவதும் ஓடும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கூரையானால், அதை அறைக்குள் வைத்து அறுப்பதும் துளையிடுவதும் கூடாது; அப்போது பறக்கும் நுண்நார்கள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை.

மலசலகூடம் இல்லாத கடையறைகளில் வேலை செய்யும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று வருவதும், வெக்கையில் தலை சுற்றுவதும், சுற்றும் தலையோடு ஊசிக்குக் கீழே விரலை வைப்பதும் இதன் தொடர்ச்சிதான். வவுனியா போன்ற மாவட்டங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் நிலையில், தண்ணீர்க் குறைவை அற்பமாகக் கொள்ள முடியாது. அறையை வாடகைக்குப் பேசும்போதே மலசலகூடத்தையும் பேசி முடித்துவிட வேண்டும்.

மின்சாரம், ஸ்திரிக்கை, தீ

நமது மின்சாரம் 230 வோல்ட். வட்ட முள் வைத்த 5 அம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 1150 வாட்டே எடுக்கலாம். 1000 வாட் மின்னழுத்தி (மின் ஸ்திரிக்கைப் பெட்டி) ஒன்றே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். அதே பிளக்கில் நீட்டிப்பு வயர் போட்டு இரண்டு மெஷினையும் மின்விசிறியையும் கொழுவினால் வயர் சூடேறி உறை உருகும். மின்னழுத்திக்குத் தனியான 13 அம்பியர் இணைப்பு வேண்டும். பிளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது சூடாக இருந்தால் அன்றே மின்னியலாளரை அழைக்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. மின்கசிவு 30 மில்லி அம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதை, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று மின்னழுத்தியைப் பிடிக்கக் கூடாது; இறப்பர் விரிப்பு இல்லாவிட்டாலும் காய்ந்த பலகை ஒன்றாவது காலடியில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கியதும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். சுவிச்சை மட்டும் அணைப்பது போதாது.

மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடங்களில் சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப் பெட்டி இன்னும் பாவனையில் உள்ளது. அதன் ஆபத்து சூடு மட்டுமல்ல. புகை அடங்கிக் கரி சிவந்த பின்னும் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு வந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் யன்னலைச் சாத்திவிட்டு அதைப் பாவிப்பவர்களுக்கு வரும் தலையிடிக்கும் மயக்கத்துக்கும் பனிக்குளிர் காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். கரியை வெளியில் மூட்டி, அறையின் இரு பக்கமும் காற்றோட்டம் இருக்கும்போது மட்டுமே உள்ளே கொண்டுவர வேண்டும். தலையிடித்தால் குளிசை போடுவதற்கு முன் வெளியே போய் நிற்க வேண்டும்.

எண்ணெய்க் கறையைப் போக்கப் பெற்றோலோ தின்னரோ துணியில் தேய்த்தால், காய்ந்து மணம் முழுவதும் போகும்வரை அத்துணி மெஷின் மோட்டருக்கும் ஸ்திரிக்கைக்கும் கிட்ட வரக் கூடாது. பெற்றோலையும் தின்னரையும் அறைக்குள் வைத்திருப்பதே தேவையற்றது. மாவைக் கறையில் தூவி ஒருநாள் விட்டு, பின் சவர்க்காரத்தால் கழுவினால் பெரும்பாலான கறை போய்விடும்.

1911 மார்ச் 25 அன்று நியூயோர்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. நமது கடையறைகளில் யன்னல் முழுவதும் கம்பி, கதவு ஒன்றே. இரவில் உள்ளே தாழ்ப்பாளோடு பூட்டும் போட்டுத் தைப்பவர்கள், பூட்டின் திறப்பைக் கதவருகே ஆணியில் தொங்கவிட வேண்டும். கதவுக்கு முன்னே துணிக்கட்டுகளை அடுக்கவே கூடாது. வாசலருகே ஒரு வாளி மணலும், முடிந்தால் உலர்தூள் தீயணைப்பானும் இருக்கட்டும். பிரதான சுவிச்சை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடு பட்ட தோலில் பற்பசை பூசாமல், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்தெடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஊசியும் சில்லும்

வீட்டு மெஷினை விடப் பல மடங்கு வேகமானது தொழிற்சாலை மெஷின். நிமிடத்துக்கு 5000 தையல் வரை போகும். ‘காமன்ட்’டில் (ஆடைத் தொழிற்சாலையில்) வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வேகம் பழக்கம், அவர்களிடம் பழகவரும் தங்கச்சிமாருக்குப் பழக்கமில்லை. பழைய கிளச் மோட்டரில் இன்னொரு பொறியும் உண்டு: சுவிச்சை அணைத்த பிறகும் மோட்டர் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்நேரத்தில் மிதியில் கால் பட்டால் ஊசி இறங்கும். நூல் கோர்ப்பவர் சுவிச்சை அணைத்ததும், விரலை அப்பால் வைத்துக்கொண்டு மிதியை ஒருமுறை முழுதாக அழுத்தி மிச்சச் சுற்றைத் தீர்த்துவிட்டு, பிறகே ஊசியைத் தொட வேண்டும். இதை முதல்நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

துணிக்கேற்ற ஊசி போட்டால் முறிவது பெருமளவு குறையும். மெல்லிய வொயிலுக்கு 11ஆம் இலக்க ஊசி, பாடசாலைச் சீருடைத் துணிக்கு 14, டெனிமுக்கு 16 அல்லது 18. துணியைப் பின்னாலிருந்து இழுப்பவரின் ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும். துண்டு கண்ணை நோக்கித்தான் பறக்கும். தடித்த மடிப்பைத் தைக்கும்போது சாதாரணக் கண்ணாடியாவது அணிந்திருப்பது நல்லது. ஊசி முறிந்தால், பழைய ஊசியின் துண்டுகள் எல்லாவற்றையும் கொப்பியில் ஒட்டுநாடாவால் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகே புது ஊசி எடுக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளின் இந்த வழக்கம் சிறிய கடைக்கும் பொருந்தும், ஏனெனில் கிடைக்காத துண்டு ஒரு குழந்தையின் சட்டைக் கழுத்தில் இருக்கலாம்.

ஊசி விரலில் ஏறிவிட்டால் கையைப் பிடுங்கக் கூடாது. மின்சாரத்தை அணைத்து, இன்னொருவர் கைச்சில்லை மெல்லத் திருப்பி ஊசியை மேலே எடுக்க வேண்டும். ஊசியின் நுனி குறைந்திருந்தால், வெளியில் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். அவசர அம்புலன்ஸுக்கு 1990.

துப்பட்டாவை இடுப்பில் செருகி, பின்னலைக் கொண்டையாக முடிந்துகொண்டே உட்கார வேண்டும். பெல்டுக்கு மூடி வேண்டும். காலால் மிதிக்கும் மெஷினின் பெரிய சில்லில் தவழும் குழந்தையின் விரல் அகப்படுவது வீட்டுத் தையலில் நடக்கக்கூடியது. மெஷினைச் சுற்றி மூன்று பக்கமும் பலகை அடைப்பது ஒரு நாள் வேலைதான்.

தூசும் துண்டுத்துணியும்

துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெஷினின் பஞ்சுத்தூசை வாயால் ஊதாமல் தூரிகையால் வழித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; மூக்கடைப்பு உள்ளவர் முகக்கவசம் அணியலாம். வெட்டிய துணிக் குவியலை மூலையில் நாள்கணக்கில் விட்டால் தேளும் புடையனும் தங்கும். மூடியுள்ள வாளியில் போட்டு ஒவ்வொரு மாலையும் வெளியே எடுப்பதும், காலையில் கை விடுவதற்கு முன் தடியால் கிளறுவதும் இப்பகுதியில் கட்டாயம். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது, அசையாமல் வைத்து உடனே கொண்டு போக வேண்டும்.

தைப்பொங்கல், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, புதிய பாடசாலைத் தவணை என்று ஓடர்கள் குவியும் வாரங்களில்தான் மேற்சொன்ன ஒழுங்கு எல்லாம் முதலில் குலைகிறது. எத்தனை சட்டை முடியும் என்பதை எண்ணி, அதற்கு மேல் வருவதைப் பக்கத்துக் கடை அக்காவுக்கு அனுப்புவதில் நட்டமில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர், வேலையின்போது நேரும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி பொறுப்புக்குரியவர் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே, காயம் எவ்வளவு சிறிதானாலும், நாள், நேரம், எந்த மெஷின், என்ன நடந்தது, என்ன சிகிச்சை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, காயப்பட்டவரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.