மரபு ஆய்வுக்கு ஊருக்குள் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத் துறைகளும் ஊர் மக்களும் சேர்ந்து செய்யும் மரபு ஆவணத் திட்டங்களில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்த ஜூனில் புதிதாக ஒரு குழு கிளம்பியது. வாய்மொழி வரலாறு, ஊரின் மரபு இடங்களைக் குறிக்கும் வரைபடம், முடிவில் ஒரு கண்காட்சி. அவர்கள் எழுதிக் கொண்டுவந்த திட்டத்தைப் புரட்டினால், எங்கள் காலத்துக் குளறுபடிகள் அச்சு மாறாமல் இருந்தன. செருப்பைக் கழற்றுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. விட்டுவிடுகிறேன்.

தலைவர் தலையாட்டினால் ஊரே தலையாட்டியது என்று நினைப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் காபி, கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம், வருகைப் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்து. 'சமூகப் பங்கேற்புடன்' என்று அறிக்கையில் ஏறிவிடும். அந்த மண்டபத்தில் யார் உட்காருவார்கள், யார் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்புவார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குழுவுக்குத்தான் தெரியாது.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு கூட்டத்தில் மரபுப் பட்டியல் தயாரானது. சிவன் கோயில், தேர், ஊருணி, அய்யனார் குதிரைகள், பழைய வீடுகள். காலனியின் பங்காக ஒன்றே ஒன்று: பறை. ஒரு பெரியவர் பறையோடு நிற்கும் படத்தை ஆள் உயர ஃபிளெக்ஸாக அடித்து, கீழே 'நம் ஊரின் தொன்மைக் கலை' என்று போட்டார்கள். அந்தத் தெருவில் பறை அடிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. படத்துக்கான பறையைப் பக்கத்து ஊரிலிருந்து குழுவே வாங்கி வந்திருந்தது.

திறப்பு விழா அன்று காலையில் பெரியவரின் மகன் வந்தார். "சாவு வீட்டுக்கு அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்கு எங்கப்பா என்ன அடி வாங்குனாருன்னு தெரியுமா சார்? அதையே அவர் கையில குடுத்துப் படம் புடிச்சு வச்சிருக்கீங்க."

அதே தெருவில், கல்லூரியில் பறை கற்றுக்கொண்டு மேடையேறும் பெண்ணும் இருந்தார். படம் இருக்கட்டும், எழுதியிருப்பதை மாற்றுங்கள் என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பறையை இழிவின் அடையாளம் என்று தூக்கிப் போட்டவர்களும், அதையே விடுதலைக் கலையாகக் கையில் எடுத்தவர்களும் ஒரே வீட்டில்கூட இருப்பார்கள். மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடவில்லை. அந்தத் தெரு தனக்குள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தில், யாரையும் கேட்காமல் ஃபிளெக்ஸ் அடித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது குழு.

ஃபிளெக்ஸ் இறங்கியது. அச்சுக் கூலி போனது போகட்டும். அந்தத் தெருவில் எடுத்த பதிவு எதையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வு மாணவர்களின் களப்பணி மொத்தமும் அதோடு போயிற்று. பின்னால் வேறு கல்லூரியிலிருந்து போனவர்களையும் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பெரிய ஆய்வு நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்ததுண்டு. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிப் பழங்குடியினர், களைப்பு தீர ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தை மென்றார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. ஆய்வு நிறுவனம் அதன் தயாரிப்பு உரிமத்தை 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்து, விற்பனையில் 2 விழுக்காடும் பேசி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளையும் வந்தது. உலகமே மெச்சிய ஏற்பாடு. ஆனால் வழிகாட்டிகளின் பகுதியைத் தாண்டிய மற்ற காணிக் குடியிருப்புகளும், மருத்துவம் பார்க்கும் பிலாத்திகளில் பலரும், எங்களை யார் கேட்டது என்றார்கள்.

யுனெஸ்கோவின் 2003 மரபு உடன்படிக்கையை எல்லாத் திட்ட விண்ணப்பத்திலும் மேற்கோள் காட்டுகிறோம். இந்தியா 2005-இல் அதில் சேர்ந்தது. எது மரபு என்று ஏற்கும் உரிமையைச் சமூகங்களோடு குழுக்களுக்கும், சில நேரம் தனிநபர்களுக்கும் அது தருகிறது. அந்த வரியை நிதானமாக ஒருமுறை படியுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதாதா என்று புதுக் குழு கேட்டது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு 6 கிராம சபை. தகவல் சொல்ல நல்ல இடம். ஆனால் தலைவரையும் செயலரையும் எதிரில் வைத்துக்கொண்டு 'எங்க தெருக் கதையை எழுதாதீங்க' என்று யார் எழுந்து சொல்வார்கள்? தெருத் தெருவாகத்தான் போக வேண்டும். பெண்களிடம் பேச, மகளிர் குழு கூடும் நாளில் அவர்கள் வேலை முடிந்தபின், அவர்கள் கூப்பிட்டால் போங்கள். எதை எழுத வேண்டாம் என்பதை முதலிலேயே கேளுங்கள். பட்டியலை ஒவ்வொரு தெருவிலும் வாசித்துக் காட்டி முடிக்கும்வரை ஃபிளெக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். கருத்து இரண்டாக இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

தங்குமிடத்தையும் யோசியுங்கள். யார் வீட்டு மாடியில் தங்குகிறீர்களோ, ஊர் உங்களை அவர் ஆளாகத்தான் பார்க்கும்.

ஆங்கிலப் படிவத்தை நீட்டுவது

படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைத்து நிலம் போன குடும்பம் எல்லா ஊரிலும் உண்டு. தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வாய்ச் சம்மதத்தைப் பதிவு செய்யுங்கள்.

பதிவைத் திருப்பித் தராதது

பாடிக் கொடுத்த பாட்டி இறந்ததும், காரியத்தன்று அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று பேரன் போன் செய்வார். பதிவு செய்த மாணவர் வேலை கிடைத்துப் போயிருப்பார். ஹார்ட் டிஸ்க் எங்கே என்று துறைக்கே தெரியாது. பென்டிரைவில் போட்டு, ஊரை விட்டுக் கிளம்பும் முன் வீட்டிலேயே கொடுங்கள். கூகுள் டிரைவ் லிங்க் கணக்கில் வராது.

கூலி

பேச வந்தவர் அன்றைய வேலையை விட்டு வந்திருக்கிறார். பொன்னாடை வேண்டாம், பணம் கொடுங்கள்.

மார்ச் 31

நிதியாண்டு முடிவதற்குள் நிதியைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்பதற்காகப் பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் மைக்கை நீட்டாதீர்கள்.