ஜெட் ஸ்கி இழுக்க, ராட்சத அலையில் ஏறுவது எப்படி?

கையால் துழாவிப் பிடிக்கவே முடியாத அலைகள் உண்டு. பதினைந்து இருபது மீட்டர் உயரத்துக்கு எழும்பும் அலை மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். சர்ஃபிங் போர்டில் குப்புறப் படுத்து எவ்வளவு வேகமாகத் துழாவினாலும் பத்து கிலோமீட்டரைத் தொடுவதே பெரிய விஷயம். அதனால்தான் 1990-களின் தொடக்கத்தில் ஹவாயில் லேர்ட் ஹாமில்டன், பஸ்ஸி கெர்பாக்ஸ், டேரிக் டோர்னர் என்ற மூன்று சர்ஃபர்கள் ஒரு ரப்பர் படகில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அப்புறம் தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டியான ஜெட் ஸ்கிக்கு மாறினார்கள். வண்டி இழுத்துப்போய் அலையில் விடும் டோ-இன் சர்ஃபிங் பிறந்தது இப்படித்தான்.

இதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் முதலில் கயிற்றைப் பிடிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் சொல்வது வேறு: முதலில் வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அலையில் நிற்பவரின் உயிர் ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது, அடுத்த அலைக்கு இருவரும் இடம் மாறிக்கொள்வீர்கள் என்பதால் இரண்டு பேருக்குமே இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெட் ஸ்கி தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுகிறது, திரும்புவதும் அந்தப் பீய்ச்சலால்தான். பயந்துபோய் ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டுவிட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். இன்னொன்று, நுரை. உடைந்த அலையின் வெள்ளை நுரையில் நிறையக் காற்று கலந்திருக்கும். அதை உறிஞ்சினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கயிறு தொய்ந்து அடியில் போய் உறிஞ்சப்பட்டாலும் அதே கதிதான், அதுவும் அலைக்கு முன்னால். இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சின் கயிறு எப்போதும் உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும், நீங்கள் விழுந்தால் வண்டி நின்றுவிடும். இதையெல்லாம் அமைதியான தண்ணீரிலும் சின்ன அலைகளிலும் சலிக்கும்வரை பழகுங்கள்.

போர்டு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். துழாவத் தேவையில்லை என்பதால் சுமார் ஆறடி நீளத்தில் குட்டையாக, ஒடுக்கமாக, கொஞ்சம் கனமாக இருக்கும். அந்த வேகத்தில் அலையின் முகத்தில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகளே தூக்கி எறியும், அதற்குத்தான் கனமும் கால் பட்டைகளும். பட்டை இறுக்கமாக இருக்கக் கூடாது, விழும்போது கால் தானாகக் கழன்று வர வேண்டும்.

இனி அலை. அலைகள் கூட்டமாக வரும், கூட்டத்தின் முதல் அலைக்கு அவசரப்படாதீர்கள். அதில் விழுந்தால் பின்னால் வரும் அத்தனையும் உங்கள் தலையில்தான். ஓட்டுபவர் வெகு தூரத்திலேயே அலையாக எழப்போகும் ஒரு நீர்மேட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சமமாக்கி, அது செங்குத்தாக எழத் தொடங்கும்போது உங்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விடுவார். முழங்காலை மடக்கி, கையை நீட்டி வைத்திருங்கள், கயிற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். அலை உங்களைத் தள்ளுவதைக் காலில் உணர்ந்ததும் கயிறு தானாகத் தொய்யும், அப்போது கைப்பிடியைப் போர்டைவிட்டு விலக்கி வீசிவிடுங்கள். சீக்கிரம் விட்டால் அலை உங்களைத் தாண்டிப் போய்விடும், தாமதித்தால் தடுமாறுவீர்கள். விட்டதும் வண்டி அலை உடையாத பக்கமாக விலகிவிடும், நீங்களும் கீழே பார்க்காமல் போக வேண்டிய திசையைப் பாருங்கள்.

விழுவீர்கள். விழுந்ததும் முகத்தையும் தலையையும் கைகளால் மூடி உடம்பைத் தளர்த்துங்கள், சுழற்சியோடு சண்டை போட்டால் மூச்சுதான் வீணாகும். இழுத்தால் வாயு நிரம்பி உங்களை மேலே தூக்கும் உள்சட்டையின் இழுபிடி எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் கைக்குத் தெரிய வேண்டும். மூச்சடக்கும் பயிற்சியைத் தகுந்த பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள், நீச்சல்குளத்தில் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள், தண்ணீருக்குள் மயங்கினால் யாருக்கும் தெரியாது.

மேலே வந்ததும் கையைத் தூக்குங்கள். அடுத்த அலைக்குள் கிடைப்பது பதினைந்து நொடி இருக்கலாம். ஓட்டுபவர் உங்களைத் தன் இடப்பக்கம் வருமாறு நெருங்குவார், ஏனென்றால் ஆக்சிலரேட்டர் வலக்கையில்; இடக்கைதான் உங்களைப் பிடிக்கச் சும்மா இருக்கிறது. அந்தக் கையைப் பற்றி, வண்டிக்குப் பின்னால் கட்டியிருக்கும் மீட்பு ஸ்லெட்டில் (மிதக்கும் மெத்தை போன்றது) குப்புற விழுந்து கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், வசதியாகப் படுக்க நேரமில்லை. இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஒத்திகை பார்க்க வேண்டும். 2013-இல் போர்ச்சுகலின் நசாரேயில் விழுந்து நினைவிழந்த பிரேசில் சர்ஃபர் மாயா கபெய்ராவை, அன்று வண்டி ஓட்டிய கார்லோஸ் பர்லே கரை சேர்த்து முதலுதவி செய்ததால்தான் அவர் பிழைத்தார். 2020-இல் அதே நசாரேயில் 22.4 மீட்டர் அலையில் சறுக்கி அவர் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார்.

நசாரேயில் குன்றின் மேல் ஒருவர் நின்று வாக்கி டாக்கியில் அலை எங்கே வருகிறது, விழுந்தவர் எங்கே மிதக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் நுரைக்குள் ஒரு தலை தெரியவே தெரியாது, அதனால் உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் வேண்டும், முடிந்தால் மீட்புக்கென்றே இரண்டாவது ஜெட் ஸ்கியும்.

கடைசியாக, சில கடற்கரைகளில் ஜெட் ஸ்கிக்கே தடை உண்டு, ஹவாயில் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் இழுக்க முடியாது, போகும் இடத்தின் விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். கையால் துழாவி அலை பிடிக்க ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் கயிற்றை எடுக்கவே எடுக்காதீர்கள், அந்த அலை அவர்களுடையது.