மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேப் பண்ணைப் பெண்ணை ஏடுகளில் தேடும் முறை

19ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த விவசாயியின் மனைவிக்குத் தன் பெயரில் பெரும்பாலும் நிலம் இருக்காது, குடியுரிமைத் தாளும் இருக்காது. அமெரிக்காவின் 1855 சட்டப்படி கணவன் குடிமகனானால் மனைவியும் குடிமகள். 1922 வரை அதுதான் நடைமுறை. அதனால் மனைவியின் குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடி நாளைக் கடத்தாமல், குடும்பத்தைப் பற்றிய மற்ற ஏடுகளை எடுத்து, அதில் மனைவியைப் பற்றி வரும் இடங்களைப் படியுங்கள்.

முதலில் 1900 கணக்கெடுப்பு. பிறந்த மாதம், ஆண்டு, மணமாகி எத்தனை வருடம், பெற்ற பிள்ளைகள், உயிரோடிருக்கும் பிள்ளைகள், அமெரிக்கா வந்த ஆண்டு எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். பெற்றது 8, இருப்பது 5 என்றால் மூன்று குழந்தைகளைத் தேட வேண்டும். 1880 கணக்கெடுப்புக்குப் பின் பிறந்து 1900க்குள் இறந்த குழந்தை நாடு முழுக்க எடுத்த கணக்கில் அகப்படாது. 1890 ஏடுகளைத் தீயும் தண்ணீரும் கொண்டுபோய்விட்டன. மாநிலமே எடுத்த 1885, 1895 கணக்குகள் அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும். மிச்சத்துக்கு லூத்தரன் சபையின் ஞானஸ்நான ஏடும் அடக்க ஏடும்தான். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எழுத்தர் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம்.

பெயர்தான் எல்லோரும் இடறும் இடம். ஓலேயின் மகள் அன்னா என்றால் 'அன்னா ஓல்ஸ்டாட்டர்'. நம்ம ஊர் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான், கல்யாணத்தால் மாறாது. அதற்கும் பின்னால் மூன்றாவதாக வருவது குடியிருந்த பண்ணையின் பெயர். வீடு மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவிலோ கணவர் பெயரே மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே நார்வே ஏடுகளில் கணவர் பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் அப்பா பெயர் இருக்கிறதா பாருங்கள். சாட்சியாக நின்ற ஞானப் பெற்றோரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கூடப் பிறந்தவர்கள் இருக்கலாம்.

அடுத்து நில ஏடுகள். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுபவருக்கு அரசு நிலம் 160 ஏக்கர் வரை தந்தது, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். பட்டாவில் பெயரும் நில எல்லையும்தான் இருக்கும். நில விவரம், நில அலுவலகம், இறுதிச் சான்று எண் மூன்றையும் தந்து, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பட்டாவுக்குரிய கோப்பைக் கேளுங்கள். வீட்டின் நீள அகலம், கிணறு, உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று சாட்சிகள் சொன்னது அதில் இருக்கும். கணவர் நடுவில் இறந்து விதவை முடித்த கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: சொல்பவரே அந்தப் பெண். காசு கொடுத்து வாங்கிய நிலத்தின் கோப்பு மெலிந்திருக்கும்.

பலர் புரட்டாமல் விடுவது 1880 கணக்கெடுப்போடு எடுத்த விவசாயப் பட்டியல். 1879இல் அந்தப் பண்ணையில் எடுத்த வெண்ணெய் எத்தனை பவுண்டு, முட்டை எத்தனை டஜன் என்று கணவர் பெயருக்கு எதிரே இருக்கும். பெரும்பாலும் இரண்டும் மனைவியின் உழைப்பு. வெண்ணெய் 400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும், ஆக 4,000 லிட்டர். கறந்து, ஆற வைத்து, ஆடையை எடுத்து, கடைந்து, வாரத்துக்கு ஏறக்குறைய எட்டு பவுண்டு. 100, 200 என்று முழு எண்ணாக இருந்தால் வாய்க்கு வந்த மதிப்பு என்றே கொள்ளுங்கள்.

கடைசியாக நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவேட் இணையதளம். தேவாலய ஏடுகளும் 1865, 1875 கணக்கெடுப்புகளும் அங்கே இலவசம். ஒரே திருச்சபை வட்டத்தில் பல அன்னா ஓல்ஸ்டாட்டர்கள் இருப்பார்கள். 1900 ஏட்டிலிருந்த பிறந்த மாதமும், ஞானப் பெற்றோராக வந்த உடன்பிறப்பின் பெயரும் பொருந்தாதவரை எந்த அன்னாவையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.